தெரிவும் கழிவும்: கப்பி மீன் வளர்ப்பில் எழும் ஓர் அறவினா

விலங்குகளை மனிதன் நடத்தும் முறை பற்றிய அறவாராய்ச்சி பெரும்பாலும் இறைச்சிக்கடையையும் ஆய்வுகூடத்தையும் வேள்வி நடைபெறும் கோயில் வீதியையுமே நாடிச் சென்றுள்ளது. வீட்டு விறாந்தையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை அது எட்டிப் பார்த்தது அரிது. அங்கே குருதி சிந்தப்படுவதில்லை, அழகே வளர்க்கப்படுகின்றது. ஆயினும், தான் விரும்பிய ஒரு நிறத்தைக் கப்பி மீனில் நிலைநிறுத்த முயல்பவன் கிழமைதோறும் செய்யும் தீர்மானங்களை ஊன்றி நோக்குமிடத்து, தெரிவு செய்யும் உரிமை எங்கே முடிகின்றது, தெரிவு செய்யப்படாதவை மீதான கடப்பாடு எங்கே தொடங்குகின்றது என்னும் வினா எழாமற் போகாது.

தென்னமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியையும் அதனை அடுத்துள்ள திரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்ட இச்சிறுமீனை 1859இல் வில்லெம் பீற்றர்ஸ் விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. அந்நூலின் முதல் அதிகாரம் காட்டு விலங்குகளைப் பற்றியதன்று. மனிதன் வளர்க்கும் உயிரினங்களைப் பற்றியது. புறா வளர்ப்போருடன் பழகியும், தாமே புறா வளர்த்தும் பெற்ற அறிவிலிருந்தே இயற்கைத் தெரிவு என்னும் கருத்துக்கு டார்வின் வாசகரை அழைத்துச் செல்கின்றார். கப்பி என்ற பெயரோ, 1866இல் திரினிடாட்டிலிருந்து இலண்டனுக்கு மாதிரிகளை அனுப்பிய லெச்மியர் கப்பி என்பவருடையது. நுளம்புக் குடம்பிகளை உண்ணும் என்பதற்காக இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்ட இம்மீன், இன்று இந்நாட்டின் அலங்கார மீன் ஏற்றுமதியில் முதன்மையான இடமொன்றைப் பெற்றுள்ளது.

காட்டு ஓடைகளில் வாழும் ஆண் கப்பிகளுள் ஒன்றைப்போல் மற்றொன்று இருத்தல் மிக அரிது. செம்மஞ்சட் புள்ளி, கரும்புள்ளி, நீலமினுக்கு என்பன ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வகையாக அமைந்திருக்கும். இக்கோலங்களுட் சில தந்தையிடமிருந்து ஆண்மக்கள் அனைவருக்கும் செல்வதை 1920இல் யொகானஸ் ஷிமித் எடுத்துக்காட்டினார். அவை ஆணுக்குரிய நிறமூர்த்தத்தின் வழியே கடத்தப்படுகின்றன என்பதை இரண்டு ஆண்டுகளின் பின்னர் விங்கே தெளிவாக்கினார். வீட்டு வளர்ப்பாளனின் கைக்கருவி இந்த அறிவேயாகும். உடல் முழுதும் சிவந்த இனமொன்றை அவன் விரும்புவதாகக் கொள்வோமாயின், குஞ்சுகள் பிறந்து நான்கு கிழமைகள் ஆகுமுன்னரே ஆணையும் பெண்ணையும் பிரித்தல் வேண்டும். நிறம் நன்கு தெளியும்வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் காத்திருந்து, மிகச் சிவந்த ஒன்றிரண்டு ஆண்களைத் தெரிந்து, உடன்பிறந்த பெண்களோடோ தாயோடோ சேர்த்தல் வேண்டும். இவ்வாறு பல தலைமுறைகள் செல்லும். ஓர் ஈற்றில் நாற்பது குஞ்சுகள் பிறந்தால் அவற்றுள் நான்கோ ஐந்தோ மட்டுமே அடுத்த தலைமுறைக்கு உதவும். எஞ்சிய முப்பத்தைந்தும் நோயுற்றவை அல்ல; நீந்துகின்றன, உண்கின்றன, துணை தேடுகின்றன. வாலிலே ஒரு நீலக்கீற்று இருப்பதே அவற்றின் குற்றம். வளர்ப்போர் மொழியில் அவை ‘கழிவு’. பெரிய மீன்களின் தொட்டிக்குள் அவற்றை இரையாக விடுவதும் வழக்கமே.

இயற்கையும் இதனைத்தானே செய்கின்றது எனப் பலர் விடை கூறுவர். அவ்விடை முற்றிலும் வெறுமையானதன்று. ஜோன் என்ட்லர் 1980இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொடிய இரைகௌவி மீன்கள் உள்ள நீரில் பகட்டான ஆண்கள் அருகி, மங்கிய நிறத்தன பெருகுகின்றன. இரைகௌவிகள் இல்லாதவிடத்துச் சில தலைமுறைகளுள் நிறம் மீள்கின்றது. தாய் கப்பியும் தன் குஞ்சுகளை உண்ணத் தயங்குவதில்லை. ஆனால் ஓடையிலுள்ள இரைகௌவிக்குச் சிவப்பைப் பற்றிய கனவு எதுவும் இல்லை. தன் விருப்பமொன்றிற்காகவே அந்த நாற்பது உயிர்களையும் அது பிறப்பிக்கவும் இல்லை. வளர்ப்பாளனோ அவை பிறத்தற்கே காரணமானவன். அன்றியும், ஓடை செல்லும் திசை வேறு: காட்டுக் கப்பிகளிடையே அரிதான கோலமுடைய ஆண்களே இணைசேர்வதில் மேலோங்குகின்றன என 2013இல் வெளியான கள ஆய்வொன்று காட்டிற்று. பெண்மீனின் விருப்பம் பன்மையைக் காப்பாற்ற, மனிதனின் விருப்பம் அதனை ஒடுக்குகின்றது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பொறுப்பினின்று நழுவுதல் பொருந்தாது.

மீன் துன்புறுமா என 1789இல் பெந்தம் எழுப்பிய வகையான வினாவோடு சிலர் இவ்வாராய்ச்சியை முடித்துவிடுவர். இன்னொரு சாரார் இம்மானுவேல் கான்றைத் துணைக்கழைத்து, விலங்கிடம் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் வன்னெஞ்சனாவான் என்பர். பின்னையது இங்கே சரியாகப் பொருந்தவில்லை. கப்பி வளர்ப்போன் பெரும்பாலும் மென்மையானவன்; விடியுமுன் எழுந்து குஞ்சுகளுக்கு இரை பொரிக்கவைப்பவன். இடர் அவன் நெஞ்சின் வன்மையில் இல்லை, சொல்லில் உள்ளது. நலமுள்ள உயிரொன்று ஒரு திட்டத்துக்கு உதவாமையால் மட்டும் கழிவு எனப் பெயர் பெறுகின்றது. ‘தூய இனம்’ என்னும் தொடர் மீன்தொட்டியின் அளவில் நிற்கும்வரை விளையாட்டே. அதனை மனிதர்க்கு உரியதாக்க 1883இல் கோல்ற்றன் ஒரு புதிய சொல்லையே ஆக்கினார். 1933இல் ஜேர்மனி அதனைச் சட்டமாக்கியது. மீன் வளர்ப்போன் அப்பாதையில் நடப்பவன் என்பது இங்கே கருத்தன்று. அச்சொல் எத்துணை எளிதாக இடம்பெயரும் என்பதே கவனிக்கத்தக்கது.

தூய்மை தன்னளவிலேயே தடுமாறும் இடமும் உண்டு. செட்டைகள் யாவும் நாடாப்போல் நீண்டு தொங்கும் கப்பி இனமொன்று வளர்ப்போரால் பெரிதும் விரும்பப்படுவது. அதன் ஆணில், விந்தைச் செலுத்தும் உறுப்பாக மாறிய குதச்செட்டையும் கூடவே நீண்டுவிடுகின்றது. எனவே அது தன் பெண்ணைக் கருக்கட்டச் செய்ய இயலாததாகின்றது. இனம் எவ்வாறு தொடர்கின்றது? நீண்ட செட்டை வாய்க்காத, காட்சிக்கு ஒருபோதும் வைக்கப்படாத அதன் உடன்பிறந்த சாதாரண ஆண்களின் வழியாகவே. பரிசு பெறுவது ஒன்று, பரம்பரையைச் சுமப்பது மற்றொன்று. கழிவு எனத் தள்ளத்தக்கது எது என்று வளர்ப்பாளன் கொண்ட துணிபு இங்கே அவன் கண்முன்னரே நிலைகுலைகின்றது.

இவற்றால் நிறத்தைத் தெரிந்து வளர்த்தலே தீது என்று ஆகாது. நெல்லும் நாயும் மாடும் தெரிவின் பயன்களே. தீர்க்கப்படவேண்டியது முப்பத்தைந்தின் கணக்கு. அவற்றை அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடுவதைக் கருணை என எண்ணுவோர் உளர். ஆனால் கப்பி இந்நாட்டுக்கு அயலான மீன், விரைந்து பெருகுவது. தன் தொட்டியின் சுமையை ஓடையின் சிறுமீன்கள்மீது ஏற்றுவது எவ்வகையிலும் கருணையாகாது. சிவக்காதவற்றுக்கும் ஆயுள்வரை ஒரு தொட்டி ஒதுக்குதல், விரும்பும் அயலாருக்கு வழங்குதல், இடமின்றேல் அடுத்த இணையைச் சேர்க்காதிருத்தல் என்பனவே அவனுக்கு எஞ்சும் வழிகள். ஒருமுறை இணைசேர்ந்த பெண் கப்பி விந்தைத் தன் உடலுள் சேமித்து, ஆண் இல்லாத தொட்டியிலும் பல மாதங்கள் தொடர்ந்து குஞ்சு ஈனும். ஆதலால் இந்தக் கணக்கை அவன் பார்க்கவேண்டிய நாள் குஞ்சுகள் பிறந்த நாளன்று. ஆணைப் பெண்ணின் தொட்டிக்குள் விடுவதற்கு முந்திய நாளாகும்.