யாரும் அடிபடாத ஹிம்சை

ஒரு ஹைட்ராலிக் பிரஸ் வரிசையின் கண்ட்ரோல் பேனலில் ஒரு வயர் விடுபட்டிருக்கிறது. பிரஸ் ஓடுகிறது, எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கினால் நிற்கிறது, ரீசெட் கொடுத்தால் மறுபடி கிளம்புகிறது. பல வருஷம் அப்படியே ஓடி, யாருடைய விரலுக்கும் ஒன்றும் ஆகாமல் அந்த மிஷின் பழைய இரும்புக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரை விட்டவர் யாருக்காவது தீங்கு செய்தாரா? ‘ஒன்றும்தான் ஆகவில்லையே’ என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். சமண அறம் இதற்கு நேர்மாறாகச் சொல்லும்: ஹிம்சை நடந்துவிட்டது, பேனல் கதவைச் சாத்திய அன்றே நடந்து முடிந்தது. கேட்டவுடன் மிகையாகத் தோன்றும் இந்தப் பதில்தான் சரி என்பது என் கட்சி.

எந்த வயர் என்று தெரிந்தால்தான் விஷயம் பிடிபடும். சேஃப்டி ரிலே என்பது எமர்ஜென்சி ஸ்டாப், கார்டு கதவின் ஸ்விட்ச் போன்றவற்றை இரண்டு தனித்தனி சேனல்களில் கவனித்து, ஒரு சேனல் அறுந்தாலும் மிஷினின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. அதில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ காண்டாக்ட்தான் இருக்கும். பம்ப் மோட்டார், வால்வு, கன்வேயர், ரோபோ என்று துண்டிக்க வேண்டியவை கூடும்போது பக்கத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் மாட்யூலை வைக்கிறார்கள். மூல ரிலேயின் காண்டாக்ட் வழியாக அதன் காயிலுக்கு 24 வோல்ட் போகிறது. மூல ரிலே விட்டால் இதுவும் விட வேண்டும். ஆனால் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளலாம். 6 ஆம்பியர் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து, வால்வு காயிலுக்கு டிசி-13 மதிப்பைப் பார்க்காமல் வாங்கி, ஃபியூஸையும் பெரிதாகப் போட்டால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். இதற்காகவே இந்த மாட்யூல்களில் காண்டாக்டுகளைச் சேர்ந்தே அசையும்படி பிணைத்திருக்கிறார்கள்: இயல்பில் திறந்திருக்கும் என்.ஓ. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், கூடவே உள்ள, இயல்பில் மூடியிருக்கும் என்.சி. காண்டாக்ட் மூடவே முடியாது, குறைந்தது 0.5 மில்லிமீட்டர் இடைவெளியோடு திறந்து நிற்கும். அந்த என்.சி.யை மூல ரிலேயின் ஃபீட்பேக் டெர்மினலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நாம் பேசும் வயர். அது இருந்தால், மாட்யூல் ஒட்டிக்கொண்ட நிலையில் மூல ரிலே அடுத்த ரீசெட்டை ஏற்காது. வயருக்குப் பதில் அந்த இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு லிங்க் போட்டாலும் மிஷின் ஓடும், நன்றாகவே ஓடும். ஒட்டிக்கொண்ட செய்தி மட்டும் ரிலேக்குப் போய்ச் சேராது.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிருக்கு ஊறு நேர்வதோடு நிறுத்தவில்லை. கவனமின்மையையும் இலக்கணத்துக்குள்ளேயே வைக்கிறது. குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தமிழ்ச் சமணர் இன்றும் வணங்குவது இவருடைய பாதங்களைத்தான். எதிரே உள்ள உயிர் பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, கவனமில்லாதவனுக்கு ஹிம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவன் காலடியில் ஓர் உயிர் போனாலும் அந்தச் சாவு மட்டும் அவனைப் பற்றாது என்பது அவர் கொள்கை. துறவி தனக்கு முன்னால் நான்கு முழத் தரையைப் பார்த்தபடி நடக்கும் ஈரியா சமிதி இதன் செயல்வடிவம். எறும்பு அங்கே இருந்ததா என்பது தரையைப் பொறுத்தது. பார்த்தானா என்பது நடப்பவனைப் பொறுத்தது. லிங்க் போட்ட பேனலில் காண்டாக்ட் ஒட்டியதா, அந்த நேரத்தில் ஒரு கை அச்சுக்குள் இருந்ததா என்பவை எல்லாம் தரையைப் பொறுத்தவை.

‘வேண்டுமென்றா செய்தேன்?’ என்பது முதல் மறுப்பு. வினையின் வேரை எண்ணத்தில் வைத்த பௌத்தத்தின் துணையும் இதற்கு ஓரளவு கிடைக்கும், அந்தச் சமயம் விழிப்பை எவ்வளவோ உயர்த்திப் பேசினாலும். ஆனால் லிங்க் தானாக வந்து உட்காரவில்லை. ஒரு கை அதை வெட்டி, இரண்டு ஸ்குருவைத் தளர்த்தி, சொருகி, முடுக்கியது. கெடு வைத்திருந்த நேரத்துக்குள் மிஷின் ஓட வேண்டும் என்ற விருப்பம் அங்கே இருந்தது. கவனமின்மை அந்த விருப்பத்தின் இன்னொரு பக்கம். இரண்டு பேர் ஒரே மாதிரி லிங்க் போட்டு, ஒரு பேனலில் மட்டும் காண்டாக்ட் ஒட்டி ஒருவர் விரல்களை இழந்தால், ஒரு எலெக்ட்ரீஷியனைக் குற்றவாளி என்றும் மற்றவரைக் கெட்டிக்காரர் என்றும் ஊர் சொல்லும். 1976-இல் தத்துவவாதிகள் பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்த அறநெறிச் சிக்கல் இது. நஷ்டஈடும் துக்கமும் விளைவைப் பொறுத்தவை என்பதை நான் மறுக்கவில்லை. செய்த பிழை இருவருக்கும் ஒன்றே. பொறியியல் தரநிலைகளும் இப்படித்தான் அளக்கின்றன: ஐஎஸ்ஓ 13849-1 எத்தனை விபத்து நடந்தது என்று கேட்பதில்லை. ஒரு பழுது வந்தால், அது கண்ணில் படாமலே இன்னொன்றும் சேர்ந்தால், பாதுகாப்பு நிற்குமா என்று கேட்டு, விபத்துக்கு முன்பே பேனலைத் தரம் பிரிக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு சமணத்துக்குள்ளிருந்தே வரும். துறவியின் விரதத்தை இல்லறத்தான் மேல் ஏற்றலாமா? தொழிலில் நேரும் உத்யமி ஹிம்சையை அந்த நெறியே இல்லறத்தானுக்குப் பொறுத்துக்கொள்கிறது. முற்றாக விடச் சொல்வது வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை மட்டுமே. உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை தொழிலில் தவிர்க்க முடியாததற்குத் தரப்பட்டது. உழுகிறவன் மண்ணைப் புரட்டாமல் உழ முடியாது. பிரஸ் ஓட்டுவதற்கு லிங்க் தேவையில்லை. சில அடி வயரும் சில நிமிஷமும் போதும் என்கிறபோது அந்தச் சலுகைக்குள் ஒதுங்க இடமில்லை.

‘கவனமாக இருந்தவனைச் சாவு பற்றாது என்றால், தரநிலைச் சான்றிதழ் வாங்கிய முதலாளி தப்பித்துக்கொள்வாரே’ என்று கேட்கலாம். ஆனால் ஈரியா சமிதி ஒருமுறை பார்த்துவிட்டு நடப்பதல்ல, அடிக்கு அடி பார்ப்பது. கை குறுக்கிட்டால் மிஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன் உள்ள பிரஸ்ஸில் பின்னொரு நாள் ஒரு மாட்யூலைச் சேர்க்கிறார்கள். அது விட 20 மில்லிசெகண்ட் எடுக்கும் என்றால், கணக்கில் கொள்ளும் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் கை அதற்குள் இன்னும் 40 மில்லிமீட்டர் நெருங்கிவிடும். வயரைச் சரியாகப் போட்டு, கர்ட்டனைத் தள்ளி வைக்காமல் விட்டால் அதுவும் பார்க்காமல் வைத்த அடிதான். தவிர, மாட்யூல் இயங்கினால்தான் ஒட்டிக்கொண்டது தெரியவரும். எப்போதோ திறக்கும் கார்டு கதவில் அந்தப் பழுது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால்தான் ஐஎஸ்ஓ 14119 மிக உயர்ந்த மட்டமான பிஎல் ஈ-க்கு மாதம் ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. சமணர் நாள்தோறும் தம் பிழைகளைத் திரும்பிப் பார்க்கும் பிரதிக்கிரமணத்துக்குப் பின்னால் உள்ள காரணமும் எனக்கு இதுவாகவே படுகிறது: தேடாத வரை பிழை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

சோதிக்க மிஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் எலெக்ட்ரீஷியனிடம் இல்லை. வள்ளுவர் பொச்சாவாமை அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் அரசியலில் வைத்திருக்கிறார். மறதிக்கு எதிரான கடமை முதலில் அதிகாரம் உள்ளவனுக்கு என்றே இதை நான் படிக்கிறேன். இரண்டு நாளில் மிஷின் ஓட வேண்டும் என்று கெடு வைத்தவரும், உற்பத்தி அட்டவணையில் சோதனைக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்காமல் கையெழுத்திட்டவரும் ஸ்குரு டிரைவரைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்த ஹிம்சையில் அவர்கள் பங்கு எலெக்ட்ரீஷியனின் பங்கைவிடப் பெரியது.