லயத்தைக் காட்சிப்பொருளாக்கலாமா?

சப்ரகமுவத் தோட்டத் தமிழ் மக்களுக்கென ஓர் அரும்பொருளகம் வேண்டுமா? வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதனுள் ஒரு லயக் காம்பராவை அமைத்து வருவோர்க்குக் காட்டலாமா என்று எவரேனும் கேட்டால், அதற்கு அத்துணை விரைவாக விடை கூற இயலவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இங்கு நமக்குப் பயன்படும். அவர்தம் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய அரும்பொருளகம் 2016 செப்டெம்பரில் வாஷிங்டனில் திறக்கப்பட்டது. நாட்டுக்காகப் போரிட்ட கறுப்பின முதுவீரர்கள் 1915ஆம் ஆண்டளவிலேயே எழுப்பிய கோரிக்கை அது. சட்டமாவதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. ஊர் ஊராகச் சென்று, வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்தவற்றைக் கொண்டுவாருங்கள் என்று மக்களிடம் கேட்டே பெருமளவு பொருள்களைத் திரட்டினார்கள். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் அடிமைகள் வாழ்ந்த மரக்குடில் ஒன்றையும் பலகை பலகையாகக் கழற்றி வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் காண்பவர் மனம் நடுங்கும். எனினும் அக்குடிலில் இன்று எவரும் உறங்குவதில்லை.

நம் லயமோ ஆள் குடியிருக்கும் வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிட்டு வெள்ளைத் துரைமார் காலத்திற் கட்டப்பட்ட அறைகளில் இன்றும் அடுப்பு எரிகிறது. குழந்தைகள் பாடம் படிக்கின்றனர். 2016 மே மாதம் புலத்கொஹுபிட்டிய, களுப்பஹனைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது மண் மூடியது லயத்தைத்தான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கைமாறியபோதெல்லாம் லயத்து மனிதருக்கு நிலவுறுதி கிடைத்ததா? மிகப் பெரும்பாலோர்க்கு இல்லை. அவ்வாறிருக்க, அதே அறையின் மாதிரியொன்றைச் சுண்ணாம்படித்து, விளக்கேற்றி, ‘பழங்கால வாழ்க்கை’ என்று பெயர்ப்பலகையும் தொங்கவிட்டால் அது வரலாறாகுமா? முடியாத வழக்கை முடிந்ததாகப் பதிவேட்டில் எழுதி வைப்பது போன்றதன்றோ!

ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருளகத்தை ஆசிரியர்கள் பலர் மாணவரோடு சென்று பார்த்திருப்பீர்கள். பழைய தொழிற்சாலை, இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள். இரும்பின் வரலாறு அங்கே நன்றாகவே துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மறுமொழிபோல 2007இல் கம்பளைப் பக்கத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் எழுந்தது. அது அமைந்திருப்பதும் ஒரு லயத்திலேயே. அப்படியானால் என் ஐயம் பிழையா? அன்று. யார், எதன்பொருட்டு அறையைத் திறந்து காட்டுகிறார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. உல்லாசப் பயணிக்கு இரக்கம் ஊட்டுவதற்காகக் காட்டுவது ஒன்று. நாட்டுக்கு ஒரு கடனை நினைவூட்டுவதற்காக அம்மக்களே காட்டுவது மற்றொன்று.

சப்ரகமுவவிற்குத் தனியாக ஒன்று எதற்கு என்பார்க்குச் சொல்வேன்: கேகாலையின் கதை நுவரெலியாவின் கதையன்று. இங்கே றப்பர் மரமும் தேயிலைச் செடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. விடிய முன் பால்வெட்டும் கத்தியோடு மரத்துக்கு மரம் போகிறவரின் வாழ்வு, கொழுந்துக்கூடை சுமப்பவர் வாழ்வினின்றும் வேறானது. பால் ஏந்திய சிரட்டையும், காய்ந்து உரித்தெடுத்த ஒட்டுப்பாலும் யார் கண்ணிலும் படாமற் போகின்றன. மலையகம் என்றதும் தேயிலையையே எண்ணிப் பழகிவிட்டோம்! தோட்டங்களோ சிதறியவை, சுற்றிலும் சிங்களக் கிராமங்கள்.

போராட்டக் கதையும் இங்கே உண்டு. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் வாயில் அது உருளவள்ளி, கிராம விஸ்தரிப்புக்கென அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர், வழக்கு வந்தது, அயல் மாவட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. ஈராண்டு கழித்து, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவராக்கியது. மண்ணை விட்டுப் போ என்ற கட்டளையும், இது உன் நாடன்று என்ற சட்டமும் ஒரே கிளையில் காய்த்தவை. 1947இல் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளைத் தம் காங்கிரசின் பெயரால் பாராளுமன்றம் அனுப்பிய மக்களுக்கு, அடுத்த பொதுத்தேர்தலில் வாக்கில்லை.

ஆகவே நம் அரும்பொருளகத்தின் நடுக்கூடத்தில் நான் வைக்க விரும்புவது காகிதங்களை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத மனிதர் எழுத்தினால் தம் இருப்பை நிறுவ வேண்டும்! பிறப்புச் சான்று, பேர்ச்சீட்டு, மறுக்கப்பட்ட மனு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்ட பின் வந்த கடவுச்சீட்டு, ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்ட புகைவண்டியில் ஏறியோர் பின்னர் எழுதிய கடிதம்: இவை இன்னமும் தகரப் பெட்டிகளில் கிடக்கலாம். மழைக்கும் கறையானுக்கும் முந்திக்கொள்ள வேண்டும்.

இனி, நமக்கே கசப்பான பகுதி. ஆள்கட்டி வந்து கடனிற் கட்டிப்போட்ட பெரிய கங்காணி தமிழனே. லயங்களைச் சாதி பார்த்துப் பிரித்ததில் துரைக்கு ஆதாயம் இருந்தது; ஆனால் அப்பிரிவினையை வீட்டுக்குள் பேணியவர் நாம். வேலை முடித்து வந்த பெண்ணுக்கு அடுப்பங்கரையில் இன்னொரு வேலைநாள் காத்திருந்ததை எந்தச் சங்கத் தீர்மானம் பேசிற்று? இவற்றை மறைத்துவிட்டுப் பிறர் செய்த கொடுமையை மட்டும் அடுக்கினால், பார்க்கும் மாணவன் அரை வரலாற்றோடு வீடு திரும்புவான்.

இன்னும் கடினமானது 1977, 1981, 1983. இம்மாகாணத்தில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் ஏதிலிகளாய்ப் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். எரித்தவரும், தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்தவரும் அதே தெருவினரே. எரிந்த கதவை வைப்பது பழிவாங்கும் உணர்வைத் தூண்டாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். எதிரிலுள்ளவன் முழுக்கதையையும் வாசிக்க முடியாதபோதே அது தூண்டும் என்று எண்ணுகிறேன். வைக்காவிட்டால் இறந்தவரை இரண்டாம் முறை புதைக்கிறோம். காத்தவரின் சாட்சியத்தையும் அருகில் வையுங்கள்.

அதற்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. விளக்கக் குறிப்புகள் தமிழில் இருந்தாற் போதாது. கிராமத்து அயலவர்க்காகவும், தமிழ்ப் பள்ளி எட்டாத தூரத்திலிருப்பதாற் சிங்கள மொழியிலேயே படித்து வளரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவும் அவை சிங்களத்திலும் வேண்டும். கொழும்பில் உட்கார்ந்து மொழிபெயர்த்து அனுப்புவதைவிட, தோட்டத்துக்கு அடுத்த கிராமப் பாடசாலையின் சிங்கள ஆசிரியர் ஒருவரை அழைத்து, பெட்டிகளைத் திறக்கும் முதல் நாளிலிருந்தே உடன் இருந்து எழுதித் தரும்படி கேட்கலாம்.