அறியாமல் சுமந்தவன்

பெக்கான் நானாஸ் என்னும் பெயர் அன்னாசி நகரம் என்று பொருள்படும். ஊருக்குப் பெயரளித்த அக்கனி இம்மண்ணுக்குரியதன்று, தென்னமெரிக்காவில் பிறந்தது. இன்று அதற்கு அவ்வூரில் அருங்காட்சியகமே உண்டு. ஆகாயத்தாமரையும் அதே கண்டத்தினின்று வந்ததுதான். ஒன்றை விருந்தென்றும் மற்றொன்றைப் பகையென்றும் கூறுவது எந்த நியாயத்தால்?

அன்னாசி நட்ட இடத்தில் நிற்கும். ஆகாயத்தாமரையோ நட்டவன் கையைக் கடந்து நீர்வழியே செல்லும். ஆறுகளையும் வயல்களையும் அடைத்த அதனை ஒழிக்க, வங்காளத்தில் 1936இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் மலருக்காக அதனை வளர்த்தவர் எவரும் தீமை எண்ணினாரல்லர். எண்ணாத தீமைக்குப் பொறுப்பு யாருடையது?

இவ்வினா பெக்கான் நானாஸ் வட்டாரத்துக்கு அயலானதன்று. அங்குள்ள பூலாய் ஆற்றின் அலையாத்திக் காடு 2003இல் ராம்சார் ஈரநிலமாயிற்று. அவ்வாறு ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அந்நீரிணையின் சிங்கப்பூர்க் கரையோரம், 2016 முதல் அமெரிக்கச் சிப்பியொன்று காணப்பட்டு, மீன் பண்ணை வலைகளில் பற்றிப் படர்ந்தது. கொணர்ந்தவர் இன்னாரென்று எவரும் விரல் சுட்ட இயலாது. கப்பல் செய்யக்கூடியதைச் சிறு படகும் செய்யும். ஓர் ஆற்றில் துடுப்பு வலித்தவன் மறுநாள் படகை வண்டியிலேற்றி வேறோர் ஆற்றில் இறக்குகிறான்; அடியில் ஒட்டிய தண்டும், உள்ளே தேங்கிய கையளவு நீரும் உடன் செல்கின்றன.

நியூசிலாந்தின் தென்தீவில் 2004இல் டிடிமோ என்னும் நுண்பாசி கண்டறியப்பட்டது. அதனைத் தெரிந்தே பரப்புதல் அங்குக் குற்றம். சட்டத்தின் கை அவ்வளவே நீளும். தெரியாதவனை அது தொடுவதில்லை. தெரியாமையே சிலவேளை தெரிந்துகொள்ள விரும்பாமையாகவும் இருக்குமன்றோ!

சமணர் இதனை வேறுவகையில் நோக்கினர். நீரை வடிகட்டி அருந்துவதோடு அவர் அமையவில்லை. வடிதுணியில் தங்கிய உயிர்களை, நீரெடுத்த அதே நிலையிலேயே மீண்டும் சேர்த்தனர். கொல்லாமை மட்டுமன்று, இடம் மாற்றாமையும் அவ்வறத்துள் அடங்கியது. கண்ணுக்குத் தெரியாததற்கும் கணக்கு வைத்த நெறி அது.

படகோட்டி செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதுவே: கரையேறியதும் ஒட்டியதை நீக்கி, தேங்கிய நீரை அவ்விடத்திலேயே வடித்துவிடுதல், பின் கழுவிக் காயவைத்தல். முற்றிலும் உலர்ந்தபின் மேலும் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது நியூசிலாந்தின் அறிவுரை. ஜொகூரின் ஈரக்காற்றில், மாலை மழைக்கிடையில், இது சொல்வதற்கு எளிது! படகு உலரவில்லையெனில் அடுத்த ஞாயிறும் பழைய ஆற்றுக்கே செல்லலாம்.