ரசீதுப் புத்தகம் இல்லாதவர்கள்

சேசுநாதருக்குள் மிகவும் நேசமுள்ள விசாரணைக் குடும்பத்தாருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் நமது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகங்களோடு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். கோடை விடுமுறையில் நடக்கும் கைப்பந்துப் போட்டிகளுக்கு இப்போதே தயாராகிறார்கள். காலை ஐந்து மணிக்கெல்லாம் குளக்கரைப் பக்கம் ஓட்டம்; மாலையில் கோவில் மைதானத்தில் பயிற்சி. புதிய வலை, இரண்டு மூன்று பந்துகள், சட்டைகள், வெளியூர் போய்வரப் பஸ் செலவு, இவற்றிற்காகவே அந்த ரசீதுகள். நானும் கையெழுத்திட்டு அனுமதி கொடுத்திருந்தேன்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டார். பிறகு நேரே என்னிடம் வந்தார். "ஏனுங்க சாமி, பந்தாடறதுக்குக் கூட ரசீது புக்கு அடிச்சு வெச்சிருக்கறாங்களே. என்ற பேத்தி காலேஜுக்குப் பணங்கட்ட முடியாம ஊட்லயே நின்னுட்டாளுங்க. அதுக்கு ஆரும் ரசீது அடிக்கலீங்களே" என்றார். அதில் கோபம் இல்லை. மழை பெய்யவில்லையே என்று சொல்வதுபோலச் சொன்னார். நானோ அடுத்த ஞானஸ்நானத்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், "பசங்க கெட்ட வழிக்குப் போகாம இருக்கணுமில்லீங்களா அம்மா" என்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அது பதிலே அன்று என்பது அன்றிரவே எனக்கு விளங்கிற்று. அந்த அம்மாளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலாவது, விளையாட்டு வீண் காரியமா? இல்லை என்று திருச்சபையின் வேதசாஸ்திரிகள் நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 1274-ம் ஆண்டில் மரித்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், விளையாட்டிலும் வேடிக்கையிலும் அளவோடு நடப்பதை ஒரு புண்ணியமாகவே வகுத்திருக்கிறார். அங்கே அவர் ஒரு பழைய கதையையும் எடுத்துக் காட்டுகிறார். அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் அடைந்தார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அவனை அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடுமே என்றான் அவன். மனிதனுடைய மனமும் அப்படித்தான், தளர்த்தாமல் வைத்தால் முறியும் என்றார் அவர். ஷிப்டு வேலையும் பரீட்சைப் பயமும் நாள்தோறும் வில்லை வளைக்கும் நமது சிங்காநல்லூரில் இந்தக் கதைக்கு வியாக்கியானம் தேவையில்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. விளையாட்டு நல்லதே ஆனாலும், ஏழைகள் பக்கத்திலேயே இருக்க, அதற்காகப் பிறரிடம் கை நீட்டலாமா? அதே அக்வினாஸ்தான், ஒருவனுடைய தேவைக்கு மிஞ்சியது இயற்கை நீதிப்படி ஏழையின் வாழ்வுக்குச் சேரவேண்டியது என்றும் போதிக்கிறார். அப்படியானால் பந்துக்குக் கொடுத்த ஐம்பது ரூபாய் பசித்தவனிடமிருந்து எடுத்ததாகுமா?

இங்கே இரண்டு பக்கமும் தவறி விழ இடமுண்டு. ஒரு ஏழையாவது இருக்கும்வரை பந்து வாங்கக்கூடாது என்றால், பீடத்துக்குப் பூவும் வாங்கக்கூடாது, திருநாளுக்குக் கொடியும் ஏற்றக்கூடாது, கல்யாண வீட்டில் இனிப்பும் பரிமாறக்கூடாது. பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ விலையுயர்ந்த பரிமளத் தைலத்தைச் சேசுநாதர் மேல் வார்த்தபோது, ஏழைகளின் பேரைச் சொல்லி முறுமுறுத்தவன் யார் என்பதை மறக்கலாகாது. மறுபக்கத்தில், "கொடுத்தவர் மனதார கொடுத்தார், வாங்கியவர் வாங்கினார், மூன்றாமவனுக்கு என்ன பேச்சு?" என்று சொல்வதும் கிறிஸ்தவப் பேச்சு அன்று. தருமத்திலே எப்போதும் ஒரு மூன்றாமவன் உண்டு. கேட்கத் தெரியாதவனே அவன்.

நம் நாட்டில் விளையாட்டுக்காகக் கை நீட்டிய ஒருவருடைய வரலாறு இதில் நமக்கு உதவும். நமது ஊரில் பனி பெய்வதில்லை. பனிச்சறுக்கு என்றால் நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. காஷ்மீரத்துக் குல்மார்க்கிலோ அதுவே பிழைப்பும் விளையாட்டுமாயிருக்கிறது. அங்கே சறுக்குப் பலகைகள் வைத்துக் கடை நடத்தியவர் ஒருவரின் மகன் ஆரிப் கான், நாலு வயதிலிருந்தே பனியில் சறுக்கப் பழகியவர். அந்த விளையாட்டோ செல்வருடையது. பலகை, காலணி, அயல்நாட்டு மலைகளில் பயிற்சி, தகுதிப் போட்டிக்குத் தேசம் தேசமாய்ப் பிரயாணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 2018-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்றபோது, பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். வந்தது போதவில்லை, அந்த வாய்ப்பு போயிற்று. அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. பின்பு அரசாங்கத்தின் உதவியும் ஒரு நிறுவனத்தின் உதவியும் கிடைக்க, 2022-ல் பெய்ஜிங் நகரில் நடந்த போட்டிக்கு இந்தியாவிலிருந்து தகுதி பெற்றவர் அவர் ஒருவரே. நமது கொடியையும் அவரே ஏந்திச் சென்றார். பெரும் வளைவோட்டப் பந்தயத்தில் 45-வது இடம் பெற்றார். மற்றொரு பந்தயத்தை முடிக்க இயலவில்லை.

இப்போது யோசியுங்கள். 2018-க்கு முன் அவருக்கு ஏதோ சிறு தொகை அனுப்பியவர்கள் ஏமாந்துபோனார்களா? அன்று அவர் போகவே இல்லை. போனபோது பதக்கமும் இல்லை. வெற்றிக்காகப் பணம் கொடுத்திருந்தால் அவர்கள் தோற்றார்கள் என்க. வெற்றிக்காகக் கொடுப்பது குதிரைமேல் கட்டும் பந்தயப் பணமே அன்றி நன்கொடை ஆகாது. நன்கொடை, ஒரு மனிதனுடைய நல்ல முயற்சிக்குக் கொடுக்கப்படுகிறது. ஆதலால் வாங்கியவன் பட்டிருக்கும் கடன், கோப்பையைக் கொண்டுவந்து காட்டுவது அன்று. முயற்சியில் பொய் இல்லாமலிருப்பதே. கேட்டும் கிடைக்காதபோது முறையிடாமல் உழைத்தாரே அந்தக் காஷ்மீரத்து வாலிபர், அதையும் கவனியுங்கள். பிறர் பணத்தின்மேல் நமக்கு உரிமை கிடையாது. உரிமை என்று எண்ணிக் கேட்பவன் நன்றி சொல்ல மறப்பான்.

முயற்சியில் பொய் இல்லை என்பது எங்கே தெரியும்? போட்டி நாளில் அன்று. அன்றைக்குக் கூட்டம் இருக்கும், கைதட்டல் இருக்கும். சோம்பேறியும் அன்று குதிப்பான். போட்டிக்கு முந்திய மாதங்களில்தான் அது தெரியும். பனிச்சறுக்குக்காரர் பனி விழாத மாதங்களிலேதான் மலையேறி ஓடுகிறார்கள்; சறுக்கும்போது மடங்கியபடியே நிற்கவேண்டிய தொடைகளையும் முழங்கால்களையும் உட்கார்ந்தெழுந்து பலப்படுத்துகிறார்கள்; சிலர் சக்கரம் பூட்டிய பலகைகளில் தார் ரோட்டின்மேல் பழகுகிறார்கள். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்ட சிவ கேசவன், தம் வண்டிக்குச் சக்கரம் பொருத்தி, இமயமலைச் சாலைகளில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே பயிற்சி செய்தவர். பார்த்துக் கைதட்ட அங்கே யார் இருந்தார்கள்?

தபசு காலம் நெருங்கும் இந்நாட்களில் இதை நினைப்பது பொருத்தமே. ஒறுத்தல் முயற்சிகளுக்குத் திருச்சபை வழங்கும் "அஸ்கேசிஸ்" என்ற கிரேக்கச் சொல், முதலில் விளையாட்டு வீரர் செய்த பயிற்சியையும் குறித்த சொல்லாகும். ஓட்டக்காரரும் குத்துச்சண்டைக்காரரும் வாடிப்போகும் கிரீடத்துக்காக எவ்வளவு இச்சையடக்கமாய் நடக்கிறார்கள் என்று அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்குச் சுட்டிக் காட்டுகிறார். பாஸ்குத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாளும் நமக்கு, யாரும் பாராத மைதானத்தில் செய்யும் பயிற்சிதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்த அம்மாளுடைய கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் விளையாட்டு தவறு என்று சொல்லவில்லை. தாமே ஐம்பது ரூபாய் கொடுத்தவர். "அதுக்கு ஆரும் ரசீது அடிக்கலீங்களே" என்றார், அவ்வளவுதான். ஏன் அடிக்கவில்லை? நமது வாலிபர்கள் பத்துப் பேர்; இளமையும் சிரிப்பும் உண்டு; கணக்கு எழுதத் தெரியும்; குருவானவரிடம் வந்து அனுமதி கேட்கத் தெரியும். ஒரு பெண் கல்லூரிக்குப் போக முடியாமல் வீட்டில் நிற்கும்போதோ, அந்தக் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்கிறது. "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்ற மானம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. பலமுள்ளவன் கேட்கிறான், பெறுகிறான். இளைத்தவன் கேட்பதில்லை, ஆகையால் அவனுக்குக் குறை இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வாரந்தோறும் அவருக்கு நன்மை கொடுக்கிற எனக்கே அவர் வீட்டுச் சங்கதி தெரியாமற்போயிற்று. பந்துக்குப் பணம் போனது இங்கே குற்றம் ஆகாது. அந்தப் பிள்ளைக்காகக் கேட்க ஒரு வாய் இல்லாமற்போனதே குற்றம். அதில் முதல் பங்கு என்னுடையது.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பாப்பரசர் பதினான்காம் லியோ, பியர் ஜோர்ஜோ பிரசாத்தி என்னும் இத்தாலிய வாலிபரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். 1901-ல் டூரின் நகரில் பெரிய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பத்திரிகை அதிபர். மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் அவருக்குத் தீராத ஆசை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போவார். அதே வாலிபர் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து, டூரின் நகரத்து ஏழைகளின் வீட்டுப் படிகளையும் ஏறி இறங்கினார். டிராம் வண்டிக்கு வைத்திருந்த காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடியே போன நாட்கள் உண்டு. 1925-ல், இருபத்துநாலாம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அடக்கத்தன்று தெருவெல்லாம் ஏழைகள் திரண்டு நின்றதைக் கண்ட பிறகுதான், தங்கள் மகன் இத்தனை பேருக்கு உதவினான் என்று வீட்டாருக்கே தெரிந்ததாம். மலைக்குப் பழகிய கால்கள் ஏழையின் மாடிப்படிக்கும் உதவின. அவர் விளையாட்டை விட்டுவிட்டுப் புண்ணியவான் ஆகவில்லை. இரண்டுக்கும் ஒரே கால்களே இருந்தன.

இதையெல்லாம் புதன்கிழமை மாலை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளோடு பேசினேன். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னதும், சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன், "சாமி, அவங்க ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துடலாமுங்களா?" என்று கேட்டான். நல்ல மனசு, ஆனால் வேண்டாம் என்றேன். அந்த அம்மாள் தமது மரியாதையோடு கொடுத்ததைத் திருப்பினால், நீ கொடுக்கத் தகுந்தவள் அல்ல என்று சொன்னதாகிவிடும். அந்தப் பணம் நம்மிடமே இருக்கட்டும். கடன் நம்மேல் இருக்கட்டும்.

ஆதலால் பிள்ளைகள் தாங்களே நாலு காரியம் தீர்மானித்திருக்கிறார்கள். முதலாவது, வரவு செலவுக் கணக்கு கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒரு பந்தின் விலைகூட மறைவாயிராது. இரண்டாவது, பிறரிடம் கேட்பதற்கு முன், ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் எதையாவது குறைத்துப் பங்கு செலுத்துவார்கள். கொடுக்க வழியில்லாத பையனை யாரும் கேட்கமாட்டார்கள், அவன் இடமும் பறிபோகாது. மூன்றாவது, காலைப் பயிற்சிக்கு வராதவன், கோப்பை தூக்கும் புகைப்படத்துக்கும் நிற்கமாட்டான். நாலாவதுதான் பெரிது: மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருவர் இருவராய் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு வீடுகளுக்குப் போவார்கள், அங்கே காணும் தேவைக்கு, பேர் வெளியிடாமல், இன்னொரு ரசீதுப் புத்தகத்தோடு அதே வாசலில் நிற்பார்கள். தங்களுக்காகக் கேட்கக் கூச்சப்படாத வாய், பிறருக்காகக் கேட்கவும் கூச்சப்படக்கூடாது அல்லவா?

குடும்பத் தலைவர்களே, கைப்பந்து ரசீதை நீட்டும்போது முகம் சுளிக்காதீர்கள். முடியாதவர்கள் வெட்கமில்லாமல் "இல்லை" என்று சொல்லலாம், ஒருவரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். ஆனால் முதல் புத்தகத்துக்கு நூறு கொடுத்தவர் இரண்டாம் புத்தகத்துக்குப் பத்து கொடுக்கிற நிலைமை வரவேண்டாம். வீட்டில் குறை இருந்தும் சொல்ல மனம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை: அறைவீட்டுக் கதவு இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். வாய் திறந்து சொல்ல முடியாவிட்டால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுங்கள். அது எனக்கும் சர்வேசுரனுக்கும் மட்டுமே தெரியும்.

அந்தப் பெண்ணின் காரியம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். இந்த முறை அவசரமாய்ப் பதில் சொல்லவில்லை, உட்கார்ந்து கேட்டேன். மற்றது அந்தக் குடும்பத்துக்குரியது, இங்கே எழுதுவதற்கில்லை.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும், நமது வாலிபரின் கைகால்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் விசாரணைக் குருவானவர்