வேப்பிலையும் சுவரொட்டியும்

நாஞ்சில் நாட்டில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகி வைப்பது பழைய வழக்கம். உள்ளே அம்மை வார்த்திருக்கிறது, வெளியாள் நுழைய வேண்டாம் என்று தெருவுக்கு அது சொல்லும். கொப்புளத்தை முத்து என்றும் நோயை அம்மனின் வருகை என்றும் கண்ட மண் இது. முத்தாரம்மன் கோயில்கள் இங்கே ஏராளம். நோய்க்கான அந்த விளக்கம் அறிவியலுக்கு ஒவ்வாது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான், வேப்பிலை அல்ல. ஆனாலும் அந்த இலைக்கொத்து ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. அயலாரை விலக்கி நிறுத்தியது. நோயாளியின் மானத்தைக் குலைக்கவில்லை.

2020-ல் கொரோனா பரவியபோது அதே வேலையைச் சுவரொட்டி ஏற்றது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று கதவில் ஒட்டினார்கள். சில இடங்களில் தெருவையே தகரத்தால் அடைத்தார்கள். வேப்பிலை பார்த்தவர் ஒதுங்கிப் போனார். சுவரொட்டி பார்த்தவர் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்படி அம்பலப்பட்ட வீட்டைக் கண்ட பிறகு, காய்ச்சல் வந்த ஒருவர் சோதனைக்குப் போகத் தயங்கினால் அவரைக் குறை சொல்வது கடினம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய வீடுகளில் இப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. தன் வழிகாட்டுதலில் அப்படியொரு விதியே இல்லை என்று மத்திய அரசும் அந்த வழக்கில் தெரிவித்திருந்தது.

உயிரைக் காப்பதற்காக மக்களை அச்சுறுத்தலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அச்சுறுத்தலாம் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. பயம் இல்லாவிட்டால் சந்தையிலும் திருவிழாவிலும் கூட்டம் குறையாது. தொற்று பெருகும் வேகத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்க நேரமும் இராது. ஆனால் பயம் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. கிருமியைப் பற்றி எழுந்த பயம் மனிதர்மேல் இறங்குகிறது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடி, கொண்டுவந்தவர்களைத் தாக்கியது. அதன் பிறகு, அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

தகவல் உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. தொற்று பரவிய ஒரு டெல்லி மத மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைத் தேடியாக வேண்டிய நிலையில், 2020 மார்ச் இறுதியில் அந்த மாநாட்டின் பெயரைச் சொன்னது தவறாகாது. சொன்னால்தான் அவர்கள் முன்வர முடியும். அவர்கள் முன்வந்த பிறகும் நாள்தோறும் நோயாளிகளை மாநாட்டுக் கணக்காகப் பிரித்து வாசித்ததால் தேடுதலுக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு சமூகம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளானதே மிச்சம். ஏப்ரலில் தமிழக அரசு அந்தப் பெயரை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று என்று சொல்லத் தொடங்கியது. நல்ல திருத்தம்தான், ஆனால் சில நாள் தாமதம்.

மறைப்பது அச்சுறுத்துவதைவிட மென்மையானது போலத் தோன்றும். டெங்கு பரவிய ஆண்டுகளில் நாளிதழ்களில் 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல் புழங்கியது. நோயின் பெயர் தெரியாதவர் எதைச் செய்வார்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்வது. குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டையில் மழைநீர் நின்றால் அதுவே அதற்குப் போதும். டெங்கு என்று சொன்னால் சிரட்டையைக் கவிழ்ப்பார்கள், தொட்டியை மூடுவார்கள். மர்மம் என்றால் பதறத்தான் முடியும். பெயர் சொல்லாமல் விடும் அளவுக்கு அது சிறிய நோயும் அல்ல: 2017-ல் தமிழகத்தில் பதிவான டெங்கு நோயாளிகள் 23,294 பேர், இறந்தவர்கள் 65 பேர்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அறிவிப்புதான். 2020 மார்ச் 28-ல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தனிமை வார்டில் ஒரு குழந்தை உட்பட மூன்று பேர் இறந்தபோது குமரி மாவட்டமே பதறியது. அவர்களுக்கு வேறு நோய்கள் இருந்தன, கொரோனா சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று சுகாதாரத் துறை அன்றே சொன்னது. தெரிந்ததும் தெரியாததும் தனித்தனியே சொல்லப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 22-ல், சென்னையில் விடுபட்ட 444 கொரோனா மரணங்களை அரசு கணக்கில் சேர்த்தது. விடுபட்டது பிழை. அதைத் தானே ஆராய்ந்து வெளியிட்டது, பிழையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நேர்மை.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் இந்த நேர்மையைத் தினமும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மலையாளமும் தமிழும் அறிந்த அப்பகுதி விளவங்கோட்டுக்காரரால் அன்று இரண்டு அரசுகளின் மாலை அறிவிப்புகளையும் கேட்க முடிந்தது. ஒன்று மறைத்தால் மற்றொன்று காட்டிக்கொடுத்திருக்கும். கடற்கரையிலோ பழைய காயம் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டும் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களைத் தூத்தூரும் சின்னத்துறையும் வள்ளவிளையும் இழந்தன. அந்த ஊர்களில் அரசின் அடுத்த அறிவிப்பு எதைப் பற்றியதாக இருந்தாலும் அந்த இழப்பின் நினைவோடுதான் கேட்கப்படும்.

சொல்பவர் தானும் அதைச் செய்கிறாரா என்று மக்கள் பார்ப்பதும் புதிதல்ல. 1813-ல் திருவிதாங்கூரில் அம்மை குத்துதல் தொடங்கியபோது, மக்களின் அச்சம் போக ராணி கௌரி லட்சுமி பாயும் அரச குடும்பத்தாரும் முதலில் குத்திக்கொண்டனர். 1879-ல் அது கட்டாயமாக்கப்பட்டபோதும் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்களிடமிருந்தே தொடங்கியது. முன்மாதிரிக்கு அவ்வளவு வலு உண்டு; அது எதிர்த்திசையிலும் இழுக்கும். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சென்னை அரசு மருத்துவமனையில் எல்லார் முன்னும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு; 17-ஆம் தேதி இறந்தார். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். அதை ஆராய்ந்து உறுதிசெய்த மத்தியக் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். அதற்குள் இரண்டாம் அலை வந்து போயிருந்தது.