கதவும் மேசையும்



நவம்பர் 9-ஆம் நாள் உரோமாபுரியிலுள்ள லாத்தரான் பேராலயத்தின் அபிஷேகத் திருநாள். உலகத்துக் கோயில்களுக்கெல்லாம் தாய் என்று அழைக்கப்படும் அந்தப் பேராலயத்தின் நடுவாசலில் இருக்கும் வெண்கலக் கதவுகள் கோயிலுக்கென்று செய்யப்பட்டவையல்ல. பூர்வீக உரோமையருடைய ஆலோசனைச் சபை மண்டபத்துக் கதவுகள் அவை. 1660-ஆம் ஆண்டளவில், ஏழாம் அலெக்சாந்தர் பாப்பரசர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டன. புது வாசலுக்கு அளவு போதாமல், ஓரங்களில் வெண்கலப் பட்டை சேர்த்து அகலப்படுத்தினார்கள். உருக்கிவிடுவது சுலபம்; அவர்கள் உருக்கவில்லை.

அதே கோயிலில், பாப்பரசர் பூசை செய்யும் பீடத்துக்குள்ளே ஒரு பழைய மர மேசை இருக்கிறது. அர்ச். இராயப்பர் திவ்விய பலிபூசை செய்த மேசை அதுவென்று பாரம்பரியம் சொல்லுகிறது. பழைய கதவும் பழைய மேசையும் ஒரே கூரையின்கீழ்!

நிற்க. நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். ஓட்டு வீட்டைப் பிரித்துக் காங்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் நம் பங்கில் பலர். நிலையும் கதவும் எங்கே போகின்றன? விறகுக் கடைக்கு. பாட்டனார் கடன்பட்டுச் செய்த தேக்குக் கதவு, குருத்தோலைச் சிலுவை செருகிய ஆணித் துவாரத்தோடு, எடைபோட்டு விற்கப்படுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையோ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பாடம் எழுதுகிறது.

அந்தக் கதவுக்கு நான்கு கால் போட்டால் மேசையல்லவா? முதலில் உளியால் தட்டிப் பாருங்கள். செல்லரித்த மரம் பொதபொதவென்று காட்டிக்கொடுக்கும். அடிப்பாகம் மட்டும் உளுத்திருந்தால் ஓர் அடி அறுத்துவிட்டு மிச்சத்தைச் சுவர்ப் பலகையாக்கலாம். கீலும் தாழ்ப்பாளும் இருந்த பள்ளங்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். மேசைக்கு இரண்டரை அடி உயரம் போதும். கதவு நீளமானதாகையால் நடுவே தொய்யும்; அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்கவேண்டும். இழைத்த பலகைகள் சட்டத்துக்குள் பதிந்திருக்குமானால், மேலே கண்ணாடியோ ஒட்டுப்பலகையோ போடாவிட்டால் சோற்றுப் பருக்கை சந்தில் போய் எறும்பு வரும். தண்ணீர் புழங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். மரம் ஊறி உப்பிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடியே சுரண்டித் தூளாக்குவதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் ஆபத்து. அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேயுங்கள், வெளியிலே தேயுங்கள், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வரவேண்டாம்.

சாமியார் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டுவிட்டார் என்று சிரிக்கிறீர்கள். அர்ச். சூசையப்பருக்குப் பிந்தின யாருக்கும் அதில் வெட்கமில்லை. ஆனால் கதவும் மேசையும் வேதத்திலேயே சேர்ந்து வருகின்றன. எஜிப்து தேசத்தை விட்டுப் புறப்பட்ட அந்த இரவில், ஆட்டுக்குட்டியின் இரத்தம் வாசற்கால்களில் பூசப்பட்டது. அதன் மாமிசம் உள்ளே குடும்பமாய் உண்ணப்பட்டது. காட்சியாகமத்திலே நம் ஆண்டவர் கதவருகில் நின்று தட்டுகிறார். எதற்காக? திறக்கிறவனோடு பந்தியில் அமர்ந்து போஜனம் பண்ணுவதற்காக. கதவோடு அவர் வேலை முடிகிறதில்லை.

இதைச் சொல்லுகிற நானே ஒரு கதவைக் கெடுத்தவன். 2011-ஆம் ஆண்டில் எங்கள் தகப்பனார் வீட்டைப் பிரித்தார்கள். எனக்குத் தமையன்மார் இருவர். நிலம், கிணறு, தென்னை எல்லாம் பாகமாகி, கடைசியில் தெருவாசல் இரட்டைக் கதவு நின்றது. எனக்கு, எனக்கு என்று இருவரும் பிடிவாதம். சண்டை கதவுக்காக அல்லவென்று எல்லோருக்கும் தெரியும். "சாமி சொல்லட்டும்" என்றார்கள். சாமிக்கோ மாலைப் பூசை இருந்தது. பஸ் பிடிக்க அவசரம். "ஆளுக்கொரு கதவாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். பிள்ளையை வெட்டச் சொன்ன சாலமோன் அரசர் கடைசியில் வெட்டவில்லை. நான் வெட்டிவிட்டேன்.

பெரியவர் வீட்டில் அந்த ஒற்றைக் கதவு மகளுக்குப் படிக்கும் மேசையாயிற்று. அவளும் படித்து முடித்து, கலியாணமாகிப் போய்விட்டாள். சின்னவர் கதவு ஆட்டுக் கொட்டிலில் சாத்திக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் அகலம் ஒன்றேமுக்கால் அடி. இரண்டு பேர் எதிரெதிரே இலை போட்டுச் சாப்பிட இடம் போதாது. எங்கள் தாயார் இறந்த அன்று ஒருவர் திண்ணையிலும் ஒருவர் கொல்லையிலும் சாப்பிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. குருவானவன் கேட்கவேண்டியதைத் தம்பி கேட்க அஞ்சினான்.

சென்ற மாதம் நம் கோயில் பெஞ்சுகளைச் சரிசெய்ய வந்த ஆசாரியாரிடம் அளவைச் சொன்னேன். இரண்டையும் சேர்த்தால் மூன்றரை அடி அகலம், ஆறரை அடி நீளம். எட்டுப் பேர் உட்காரலாம் என்றார். இரண்டு தமையன்மாருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் எழுதினேன்: அன்றைக்கு நான் சொன்னது தப்பு, கதவுகளை அனுப்புங்கள், செலவு என்னுடையது, கிறிஸ்மஸுக்கு மறுநாள் உங்களில் யார் வீட்டிலாவது அதன்மேல் இலை போடுவோம். (அவர்கள் இருப்பது வேறு மேற்றிராசனம். இந்தத் தாள் அவ்வளவு தூரம் போகாதென்று நம்புகிறேன்.)

ஆசாரியார் இந்த மாதக் கடைசி வரை கோயில் வளவில் வேலை செய்வார். வீட்டில் பழைய கதவு வைத்திருப்பவர்கள் உபதேசியாரிடம் அளவு கொடுக்கலாம். பாகத் தகராறில் கதவு நிற்கிறவர்கள் என்னிடமே வரலாம். இந்தத் தடவை பஸ்ஸுக்கு ஓடமாட்டேன்.

பெரியவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. சின்னவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன். இன்றிரவு உங்கள் குடும்ப ஜெபமாலையில் அதற்காக ஓர் அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு