மலிவும் ரகசியமும்

மலிவான ஒன்று நல்லதாகவும் இருக்க முடியும் என்பதை நம் சூழல் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளும், நடைமுறையில் ஒப்புக்கொள்ளாது. வியாபாரப் பத்திரிகைகளின் மீது நமக்கு இருந்த நியாயமான வெறுப்பிலிருந்து தொடங்கி, எது பலருக்குக் கிடைக்கிறதோ அது தரமற்றது என்ற சோம்பேறி முடிவுக்கு நாம் வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. யாரும் இதை எழுதி வைத்துவிடவில்லை. ஆனால் பேச்சில், முகச்சுளிப்பில் இருக்கிறது. இந்த நம்பிக்கையைப் பரிசோதிக்க இலக்கியத்துக்கு வெளியே ஒரு பொருள் எனக்குத் தேவைப்பட்டது. ஸ்பெயினில் கத்தலோனியாப் பகுதியின் மலிவான நுரை ஒயினையும் வெள்ளை ஒயினையும் எடுத்துக்கொள்கிறேன். திருக்கோஷ்டியூரில் உட்கார்ந்து இதை எழுதுவது வேடிக்கையாகப் படலாம். ஊரின் சம்பந்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

பார்சலோனாவில் வேலை பார்க்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர், விடுமுறையில் வரும்போது சுங்கம் அனுமதிக்கிற இரண்டு லிட்டருக்குள் புட்டிகள் கொண்டுவருவார். "அங்க இது ஆறு யூரோதான்ப்பா, பெருசா நெனச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார். அந்தத் 'தான்'தான் என் பிரச்னை.

காவா என்ற அந்த நுரை ஒயினின் செய்முறை அடிப்படையில் ஷாம்பெய்னின் செய்முறையேதான். ஒயினோடு சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, அதற்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்க விடுகிறார்கள். வெளியேற வழியில்லாத வாயு கரைந்து நுரையாகிறது. 1872இல் சான்ட் சதுர்னி என்ற ஊரில், கொதொர்னியு குடும்பத் தொழிலை நடத்திய ஜூசெப் ரவெந்தோஸ் இதைச் செய்து காட்டினார். திராட்சை உள்ளூர்த் திராட்சை: மக்கபேவோ, ஷரெல்லோ, பரெயாதா. ஷாம்பெய்ன் குறைந்தபட்சம் 15 மாதம் கிடக்க வேண்டும். சாதாரணக் காவாவுக்கு 9 மாதம் போதும். வண்டலைக் கழுத்துக்கு இறக்கப் புட்டிகளைக் கையால் திருப்பினால் பல வாரங்கள். இயந்திரக் கூண்டில் ஒரு வாரம். மலிவுக்கு இவையெல்லாம் காரணம். நில விலையும் காரணம். ஆனால் விலையில் உள்ள வித்தியாசம் முழுவதையும் இவை விளக்கிவிடுவதில்லை. மீதியைப் பெயர் வசூலிக்கிறது.

இந்த இளப்பம் புதியதல்ல. முதல் நூற்றாண்டிலேயே பிளினி, பார்சலோனாவைச் சுற்றிய லாயத்தானியாவின் ஒயினை அதன் ஏராளத்துக்காகக் குறிப்பிட்டார். ஸ்பெயினில் பிறந்த மார்ஷியல், ஓயாமல் குடிக்கிற ஒருவனிடம், சத்திரக்காரனிடம் போய் லாயத்தானிய வண்டலை வாங்கிக்கொள் என்று ஏளனம் செய்கிறார். சொந்த நாட்டு ஒயினை ரோமாபுரி மேஜையிலிருந்து கிண்டல் செய்கிற அந்தக் குரல் நமக்குப் பழக்கமானதுதான்.

அதே காலத்தை ஒட்டி இந்தக் கரையில் நடந்தது வேறு. புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் கொடுக்கச் செய்கிறார். அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் ஜாடித் துண்டுகளில் கணிசமானவை கோஸ் தீவு வகை. அந்த ஒயின் கடல்நீர் கலந்து செய்யப்பட்டது, பிற ஊர்களில் போலியாகவும் செய்யப்பட்டது, மத்தியதரைக் கடலில் யாரையும் வியக்க வைக்காதது. நன்மாறன் குடித்தது அதுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் கடல் தாண்டினால் சாதாரணம் பொற்கலத்துக்குப் போகும் என்பதற்குப் பாண்டியனிடம் போகவும் வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குச் சீராக அடுக்கிய ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள், ஸ்வீடனில் அன்றாடச் சமையலறைச் சாமான்கள். இன்று காரைக்குடியில் பழம்பொருளாக விற்கின்றன. காவாவும் அப்படியே: இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகள் 150 சதவிகிதம் வரி இருந்த நாட்டில், அங்கே மளிகைச் சாமான்களோடு வாங்குகிற புட்டி நட்சத்திர ஓட்டலில் பனிக்கட்டி வாளியில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது.

விலை பொருளின் குணமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. மலிவெல்லாம் நல்லது என்று தெரியவில்லை. நண்பரின் ஆறு யூரோ புட்டிகளில் பாதி சாரமற்றவை. இங்கேதான் விஷயம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டதாக ஆகிறது. அறுபது யூரோ கொடுப்பவன் தீர்ப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டான். ஒரே விலையில் நாற்பது புட்டிகள் நிற்கும் அலமாரிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தன் நாக்கைத் தவிர, கொஞ்சம் படிப்பைத் தவிர, துணையில்லை. லேபிளில் 'ப்ரூட் நேச்சர்' என்று இருந்தால் சர்க்கரை லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, கடைசியில் சேர்ப்பதும் இல்லை. ஒயின் மோசமென்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. 'செமி செக்கோ'வில் 32 கிராமுக்கு மேல்; இனிப்பு பல பாவங்களை மூடும் (நம் உரைநடையில் சிலர் கவித்துவம் சேர்ப்பது போல). 'ரெஸெர்வா' என்றால் 18 மாதம். ஒன்றிரண்டு யூரோ கூடக் கொடுத்து அந்தப் பொறுமையை வாங்குவது நியாயம். நுரையில்லாத வெள்ளையில், ஷரெல்லோ மட்டும் கொண்டு செய்ததைத் தேடலாம். பார்சலோனாவை ஒட்டிய அலெல்யாவில் அதற்கே பன்ஸா பிளாங்கா என்று பெயர். தெற்கே தெரா அல்தாவில் வெள்ளைக் கர்னாச்சா. கொஞ்சம் கனம், கசப்பு, எனக்கு மிகவும் பிடித்தது. க.நா.சு. பட்டியல் போட்டார், செல்லப்பா அலசல் கேட்டார். நான் இப்போது போட்டது பட்டியல்தான் என்றாலும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு வருகிறேன். எட்டெழுத்தின் பொருள் கேட்டு ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து வந்தார், கிடைத்ததும் ரகசியம் காக்காமல் கோயில் உச்சியில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது மரபு. மந்திரத்தையும் மதுவையும் நான் ஒப்பிடவில்லை. கொடுப்பதையும் மறுப்பதையும் பற்றிப் பேசுகிறேன். எல்லோரும் ராமானுஜர் பக்கம் நின்று மெய்சிலிர்க்கிறார்கள். நம்பியின் பயத்தை யாரும் யோசிப்பதில்லை. எல்லார் வாயிலும் புழங்கினால் சொல் தேயும் என்பது வெறும் கஞ்சத்தனமில்லை. காவாவில் அது நடந்தது. பெரிய ஆலைகள் மலிவுப் போட்டியில் பெயரை இழுத்துக்கொண்டு போக, 2012இல் ரவெந்தோஸ் வழிவந்த குடும்பமே அந்தப் பெயரைத் துறந்தது. 2019இல் கொர்பினாத் என்ற புதுப் பெயரின் கீழ் ஒன்பது நிறுவனங்கள் வெளியேறின. நம்பி ஜெயித்தார் என்று சொல்லலாம். ஆனால் பெயர் தேய்ந்ததே தவிர, பெனடெஸ் மலைச்சரிவின் ஷரெல்லோ தேயவில்லை. வெளியேறாமல் நின்ற சிறு தோட்டக்காரர்களின் நல்ல புட்டி இன்னும் அதே ஆறேழு யூரோவில், தேய்ந்த பெயரோடு, அலமாரியில் நிற்கிறது. நம்பி காப்பாற்ற நினைத்தது பெயரை என்றால் அவர் சரி. பொருளை என்றால், அதற்குக் காவல் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் பத்திரிகையைக் காரைக்குடி பஸ் நிலையக் கடையில் போடலாமா என்ற பேச்சு வந்தபோது, வாரப் பத்திரிகைகளோடு தொங்கினால் பெயர் கெடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கெடலாம். பத்துப் பிரதி போடுவோம். விற்காததைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.